பெட்டியின் பின்பக்கம்

1971ஆம் ஆண்டு. தஞ்சாவூர் கீழவாசலில் அப்பா நடத்திய ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. எனக்கு அப்போது பதினொரு வயது. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள் ஒரு ரேடியோகிராமை. படுக்கவைத்த பீரோ மாதிரி இருந்தது. மேல்மூடியைத் தூக்கினால் ஒரு பக்கம் இசைத்தட்டு சுற்றும் மேடை, மறுபக்கம் வால்வு ரேடியோ, கீழே துணி போர்த்திய ஸ்பீக்கர். பக்கத்துக் கிராமத்து மிராசுதார் வீட்டுச் சாமான் அது. இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.

"ரேடியோ நல்லாத்தாண்ணே பாடுது. தட்டுதான் சுத்த மாட்டேங்குது. ரெண்டும் ஒரே பொட்டியில கெடக்கே, என்னத்தப் பண்றது?" என்றார் வண்டியோடு வந்தவர்.

அப்பா திறந்து பார்த்தார். மோட்டாருக்கும் தட்டுமேடைக்கும் நடுவில் உரசிச் சுழலும் சின்ன ரப்பர் சக்கரம் இறுகிப்போய், ஓரம் தட்டையாகிவிட்டிருந்தது. எட்டணா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய சக்கரம். மெட்ராஸிலிருந்து அது வந்துசேர மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் மிராசுதார் வீட்டில் திருச்சி ஸ்டேஷனும் இல்லை, சிலோனும் இல்லை. பழுதே இல்லாத ரேடியோ எங்கள் கடை மூலையில் கோணி போர்த்திக்கொண்டு கிடந்தது.

அதே மாதத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சைக்கிள் கேரியரில் சூட்கேஸ் மாதிரி ஒரு ரெக்கார்டு பிளேயரைக் கட்டிக்கொண்டு வந்தார். அதிலும் அதே ரப்பர் சக்கரக் கோளாறுதான். ஆனால் அவருடைய பிலிப்ஸ் ரேடியோ வீட்டிலேயே பாடிக்கொண்டிருந்தது. அந்த ரேடியோவின் பின்பக்கத்தில் பிக்அப் என்று குறித்த இரண்டு ஓட்டைகள் உண்டு. பிளேயரின் ஒயரை அதில் செருகினால் தட்டு பாடும். உருவிவிட்டால் ரேடியோ பாடும். வாத்தியார் போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை: "கெட்டுப்போறதையும் கெடாததையும் ஒரே பொட்டிக்குள்ள வெச்சா, கெட்டுப்போறது கெடாததையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்டா."

நான் சென்னைக்கு வந்து ஆடியோ வேலையில் நாற்பது வருஷம் ஆகிறது. இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு நல்ல ரிசீவர் வாங்கப் போகிறேன்; இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் வசதி உள்ளேயே இருப்பதை வாங்கட்டுமா, ரிசீவர் ஒன்று, ஸ்ட்ரீமர் ஒன்று என்று தனித்தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளட்டுமா? கேட்பவர்களுக்கு இது புதுக் கேள்வி. எனக்கு இது மாட்டுவண்டியில் வந்த கேள்வி. இதற்கு நூறு வயது ஆகிவிட்டது.

பதினாறரை டாலர் பெட்டி

அமெரிக்காவில் ரேடியோ வீடுகளுக்குள் நுழைந்தபோது இசைத்தட்டுக் கம்பெனிகள் பயந்துபோயின. காசு கொடுத்துத் தட்டு வாங்கிய வீடுகளில் பாட்டு இலவசமாகக் காற்றில் வர ஆரம்பித்துவிட்டது. நாய் படம் போட்ட விக்டர் கம்பெனி 1925இல் ஒரு சமாதானத்துக்கு வந்தது. ஆர்சிஏ கம்பெனியின் ரேடியோவைத் தன்னுடைய கிராமபோன் அலமாரிக்குள்ளேயே பொருத்தி விற்கச் சம்மதித்தது. இரண்டும் ஒரே பெட்டியில் வரத் தொடங்கிய காலம் அது. 1929இல் ஆர்சிஏ விக்டரையே விலைக்கு வாங்கிவிட்டது.

அதே ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது. 1927இல் அமெரிக்காவில் 10 கோடிக்கும் மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் 60 லட்சத்துக்கு இறங்கின. அலமாரி அளவு ரேடியோகிராம் வாங்க யாரிடமும் பணமில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஒரு ரேடியோ இருந்தது. 1934இல் ஆர்சிஏ விக்டர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. பெயர் டியோ ஜூனியர். அதில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ஒரு மோட்டார், ஒரு தட்டுமேடை, ஊசி பொருத்திய ஒரு கை, ஒரு ஒயர். அவ்வளவுதான். விலை 16 டாலர் 50 சென்ட். ஒயரை வீட்டு ரேடியோவில் செருகினால் அந்த ரேடியோவே தட்டைப் பாடவைக்கும். செத்துக்கொண்டிருந்த இசைத்தட்டு வியாபாரம் மறுபடி எழுந்து உட்கார்ந்ததில் இந்தப் பெட்டிக்கு நல்ல பங்கு உண்டு.

ஒலியைப் பெருக்கும் வேலையும் காற்றை அசைக்கும் வேலையும்தான் செலவு பிடித்தவை. டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் காசு தின்னும். அவை வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குப் பாட்டை ஊட்டிவிட ஒரு சின்னக் கரண்டி போதும். 1934இல் ஆர்சிஏ செய்த இந்தக் கணக்கைத்தான் இன்று உள்ளங்கையளவு ஸ்ட்ரீமர் விற்கிறவர்களும் செய்கிறார்கள்.

சிவப்பும் வெள்ளையுமாக நாம் மாட்டுகிறோமே, ஆர்சிஏ பின், அந்தப் பெயர் இந்தக் கம்பெனியுடையதுதான். கிராமபோனின் ஒலியை ரேடியோ பெட்டிக்குள் கொண்டுபோகப் பிறந்த பின் அது. அதனால்தான் அமெரிக்காவில் அதை போனோ பிளக் என்றும் சொல்வார்கள். டிவிடி பிளேயரை மாட்டினோம், செட்டாப் பாக்ஸை மாட்டினோம், இப்போது ஸ்ட்ரீமரை மாட்டுகிறோம், பின் மாறவில்லை. அது கடவுச்சொல் கேட்காது, புதுப்பிக்கச் சொல்லாது. இரண்டு கம்பி, நடுவில் கொஞ்சம் மின்னழுத்தம். நூற்றாண்டில் எத்தனையோ வந்து போனபிறகும் அது நிலைத்ததற்கு அந்த எளிமைதான் காரணம்.

டூ-இன்-ஒன் காலம்

ரிசீவர் என்ற சொல்லே ரேடியோவிலிருந்து வந்தது. வானொலி அலையைப் பிடிக்கும் டியூனர், எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் பகுதி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் அது ரிசீவர். ஹார்மன் கார்டன் கம்பெனி 1954இல் கொண்டுவந்த ஃபெஸ்டிவல் டி1000 இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அதாவது, ரிசீவரே உள்ளடங்கிய வசதிக்குப் பிறந்த பெட்டிதான். ஆனால் அதைச் செய்தவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். ரேடியோவை உள்ளே வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் ஓட்டை விட்டார்கள். தட்டுக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று, இன்னும் கண்டுபிடிக்கப்படாத எதற்கோ ஒன்று. கடைசியாகச் சொன்னதற்குத்தான் ஆக்ஸ் என்று பெயர். 1982இல் சிடி பிளேயர் வந்தபோது, இருபது வருஷத்துப் பழைய ரிசீவரின் ஆக்ஸில் அதை மாட்டி மக்கள் கேட்டார்கள்.

ரேடியோவை உள்ளே வைத்தது சரிதானா? சரிதான். ஏனென்றால் ரேடியோ ஒலிபரப்பு முறை மெதுவாக மாறுவது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் தேதி தொடங்கியது. அந்த வருஷம் வாங்கிய ஒரு வால்வு ரேடியோவை அப்பா 1975இலும் பழுதுபார்த்திருக்கிறார். அதே மீடியம் வேவில் அதே நிலையம் அதில் கேட்டது. எஃப்எம் 1977 ஜூலை 23இல் சென்னைக்கு வந்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. அன்றைய எஃப்எம் டியூனர் இன்றும் எஃப்எம் பிடிக்கும். உள்ளே வைப்பதற்குத் தகுதி வேண்டும். பெட்டியோடு சேர்ந்து முதுமையடையும் சாமானுக்குத்தான் அந்தத் தகுதி உண்டு.

டேப்புக்கு அந்தத் தகுதி இல்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்த டூ-இன்-ஒன்னை நினைத்துப் பாருங்கள். ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. நான்கைந்து வருஷத்தில் டேப்பின் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கும். ஹெட் தேய்ந்து ஒலி மங்கும். கடைக்கு வந்த டூ-இன்-ஒன்களில் பத்துக்கு ஒன்பது டேப் கோளாறுதான். ரேடியோ கோளாறு அபூர்வம்.

தொண்ணூறுகளில் மூன்று சிடி போடும் மியூசிக் சிஸ்டம் வந்தது. முகப்பில் விளக்குகள் ஏறி இறங்கும். அதில் முதலில் சாவது சிடியின் லென்ஸ். "லென்ஸ் போயிடுச்சு, மாத்தறதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் முழு ஆயுளோடு காயலான் கடைக்குப் போயின. அவற்றில் பலவற்றின் பின்னால் ஆக்ஸ் இருந்தது. அதில் ஒரு டிவிடி பிளேயரை மாட்டினால் இன்னும் பத்து வருஷம் பாடியிருக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத வீடுகளில்தான் அந்தப் பெட்டிகள் செத்தன.

நெட்வொர்க் வந்தது

2001இல் கலிஃபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் என்பவரின் ஸ்லிம் டிவைசஸ் கம்பெனி ஸ்லிம்ப்3 என்ற ஒரு சின்னக் கருவியை விற்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் சேமித்துவைத்த எம்பி3 பாட்டுகளை நெட்வொர்க் ஒயர் வழியாக எடுத்து, ஆர்சிஏ பின் வழியாக ரிசீவருக்குக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. டியோ ஜூனியர் மறுபிறவி எடுத்துவந்த மாதிரி இருந்தது. 2003இல் ஒயர் இல்லாமல் ஓடும் ஸ்குவீஸ்பாக்ஸ் வந்தது. 2006இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது.

2004 ஜூனில் ஆப்பிள் 129 டாலருக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற கருவியை வெளியிட்டது. சுவர் பிளக்கில் நேராகச் செருகும் வைஃபை பெட்டி. அதன் அடியில் ஹெட்போன் மாட்டுவது போன்ற ஒரே ஒரு ஓட்டை. அங்கிருந்து ரிசீவருக்கு ஒயர் போட்டால் கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டு ஹாலில் கேட்கும். 2005இல் சோனோஸ் தன் முதல் கருவியை விற்றது. ஆரம்ப நாட்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து மாட்டும் சாமான்களாகத்தான் இருந்தன.

ரிசீவர் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. இணைய ரேடியோ, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு எடுக்கும் டிஎல்என்ஏ, 2010இல் ஏர்பிளே, 2013இல் ஸ்பாட்டிஃபை கனெக்ட் என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார்கள். டெனான் 2014இல் ஹியோஸ் என்ற முறையையும் யமஹா 2015இல் மியூசிக்காஸ்ட் என்ற முறையையும் கொண்டுவந்தன. அட்டைப்பெட்டியில் இவற்றின் சின்னங்கள் வரிசையாக அச்சாகின. பத்துச் சின்னம் இருந்தால் உயர்ந்த ரிசீவர், ஐந்து இருந்தால் சாதாரணம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். எத்தனை வாட், எந்த ஸ்பீக்கரை இழுக்கும் என்ற பேச்சு பின்னால் போய்விட்டது.

நெட்வொர்க் பகுதி ஏன் சீக்கிரம் கிழடு தட்டுகிறது என்பதை விளக்குகிறேன். ரிசீவருக்குள் இருக்கும் அந்தப் பகுதி ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குக் கொடுத்திருக்கும் நினைவகம் கொஞ்சம். அது தனியாகப் பாடுவதில்லை. எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசித்தான் பாட்டை வாங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பேசும் முறையை மாற்றினால், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால், கணக்கில் நுழையும் வழியைத் திருத்தினால், ரேடியோ நிலையங்களின் பட்டியல் கொடுக்கும் கம்பெனி சேவையை நிறுத்தினால், நம் வீட்டுப் பெட்டியில் ஒரு திருகுகூடக் கழலாமல் பாட்டு நின்றுவிடும். பழுது நம் வீட்டில் இல்லை. ஆகவே ரிப்பேர்காரனுக்கு அங்கே வேலையும் இல்லை. அப்பா காலத்தில் ரப்பர் சக்கரம் இறுகினால் மெட்ராஸிலிருந்து இன்னொன்று வரவழைக்கலாம். சர்வர் நின்றுபோனால் எங்கிருந்து வரவழைப்பது?

நங்கநல்லூர் டீச்சர்

என் வாடிக்கையாளர் ஒருவர் நங்கநல்லூரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எண்பதை நெருங்கும் வயது. மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, 2012இல், நல்ல ரிசீவர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கிக்கொடுத்தார். இணைய ரேடியோ உள்ளேயே இருக்கிறது என்பதற்காகவே அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 ஜனவரி 26இல் அகில இந்திய வானொலி ராகம் என்ற முழுநேரச் சாஸ்திரிய சங்கீத ஒலிபரப்பைத் தொடங்கியபோது, ரிசீவரிலேயே அதைத் தேடிப்பிடித்துப் பதிந்துகொடுத்தேன். காலை காபியிலிருந்து இரவு மருந்து வரை டீச்சருக்கு அதுதான் துணை.

ஒருநாள் போன் செய்தார். "தம்பி, மூணு நாளா கனெக்டிங்னே போட்டிண்டிருக்கு. பாட்டு வரலை. நீங்க வந்து பாருங்கோளேன்."

போய்ப் பார்த்தேன். வீட்டு வைஃபை நன்றாக இருந்தது. ரிசீவரைக் கழற்றித் தூசி தட்டி, ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், மறுபடி எல்லாம் செய்தேன். கனெக்டிங் என்ற எழுத்து மட்டும் நகரவில்லை. நிலையங்களின் பட்டியலைக் கொடுத்துவந்த சேவை அந்தப் பழைய மாடல்களுக்குக் கதவடைத்துவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோது புதிய மாடலுக்கு மாறச் சொன்னார்கள். பத்துக் கிலோ எடை, உள்ளே ஒரு கெப்பாசிட்டர்கூட உப்பவில்லை, ஸ்பீக்கரில் தம்புரா சுருதி வைத்தால் அறையே நிறையும். அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ்ளோதானா தம்பி? அவன் ஆசையா வாங்கிக் கொடுத்தது" என்றார்.

"அவ்ளோ இல்ல டீச்சர். பின்னாடி ஆக்ஸ் இருக்கு, ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றேன்.

உள்ளங்கையளவு ஸ்ட்ரீமர் ஒன்று வாங்கிப்போனேன். ரிசீவர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ரிசீவரை அலமாரியிலிருந்து முன்னால் இழுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கச் சிலந்திவலை. ஆக்ஸ் என்று எழுதிய இரண்டு ஓட்டைகளும் பன்னிரண்டு வருஷமாக ஒன்றும் செருகப்படாமல் புதுப் பளபளப்போடு இருந்தன. பட்டுத்துணியால் துடைத்து, சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை என்று மாட்டினேன். ஸ்ட்ரீமரின் ஒலியளவை முழுமையில் நிறுத்தி, ரிசீவரின் திருகில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று அமைத்தேன். ரிமோட்டின் முதல் பட்டனில் ராகத்தைப் பதிந்து, அதன்மேல் சிவப்பு டேப் துண்டு ஒட்டினேன்.

அமுக்கினார். இரண்டு விநாடி அமைதி. பிறகு நடுவிலிருந்து ஒரு தோடி ஆலாபனை எழுந்துவந்தது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் காபி போட எழுந்து போய்விட்டார்.

இரண்டு பக்கமும்

வெளியே மாட்டும் பெட்டி சாகாது என்று நான் சொல்லவில்லை. அதுவும் சாகும். லாஜிடெக் 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸை நிறுத்திவிட்டது. அதற்கான இணையச் சேவையை 2024இல் மூடியது. கூகுள் 2015இல் 35 டாலருக்கு விற்ற குரோம்காஸ்ட் ஆடியோ 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுவதும் அந்தக் கருவிகள் ஒரே நாளில் ஊமையாகின; சில நாட்களில் கூகுள் சரிசெய்தது. சோனோஸ் 2020இல் தன் பழைய கருவிகளுக்குப் புதுப்பித்தலை நிறுத்துவதாக அறிவித்தது; கோபம் கிளம்பியதும் அதன் தலைமை அதிகாரியே மன்னிப்புக் கேட்டார்.

இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. ஆப்பிள் 2018இல் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் விற்பனையை நிறுத்திய சில மாதங்களிலேயே, அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிக்கு ஏர்பிளே 2 வசதியைக் கொடுத்தது. ஸ்குவீஸ்பாக்ஸின் சர்வர் மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே திறந்த மூலமாக இருந்ததால், கம்பெனி கைவிட்டபிறகும் பயன்படுத்துகிறவர்களே அதை வளர்த்தார்கள். இன்று லிரியன் என்ற பெயரில் அது ஓடுகிறது. இருபது வருஷத்துப் பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் அதில் இன்னமும் பாடுகிறது.

ஆக, வெளிப்பெட்டியின் சிறப்பு சாகாமல் இருப்பதில் இல்லை. செத்தால் தனியாகச் சாவதில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அது கூட இழுத்துக்கொண்டு போவதில்லை. அப்பா சொன்னதும் இதுதான்.

உள்ளே இருப்பதற்கும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஒரே ரிமோட். ஒரே பிளக். உள்ளீட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். செல்போனில் பாட்டைத் தொட்டால் ரிசீவர் தானே விழித்துக்கொள்ளும். டீச்சர் வீட்டில் இப்போது இரண்டு ரிமோட் இருக்கிறது. எப்போதாவது டிவி பார்த்துவிட்டு ஆக்ஸுக்கு மாற்ற மறந்துபோய் எனக்குப் போன் செய்வார். வயதானவர்களுக்கும், ஒயர் கண்டால் பயப்படுகிறவர்களுக்கும் உள்ளடங்கிய வசதி பெரிய நிம்மதி. அது வேலை செய்யும் வரை அதைப் பயன்படுத்துவதில் ஒரு தவறும் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துவைத்து நல்ல தீர்வு கண்டவர்கள் சென்னை ரிச்சி தெருவில் இருக்கிறார்கள். 4440 ஐசி வைத்து, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிறவர்கள். முன்பக்கத் தகட்டில் செவ்வகமாக ஒரு திறப்பு வெட்டி, அதில் யுஎஸ்பி கிட் என்ற சின்ன போர்டைப் பொருத்துவார்கள். இரண்டு திருகு, மின்சாரத்துக்கு இரண்டு ஒயர், ஒலிக்கு மூன்று ஒயர். முதலில் பென் டிரைவ் மட்டும் படிக்கும் கிட் வந்தது, பிறகு எஃப்எம் சேர்ந்தது, பிறகு ப்ளூடூத். புதுசு வந்தால் பழைய கிட்டைக் கழற்றி அதே திறப்பில் இதை வைப்பார்கள். ஆம்ப்ளிஃபயர் அப்படியே இருக்கும். பாட்டு வரும் வழி உள்ளேயே இருக்கிறது, ஆனால் கழற்ற முடிகிறது. பெரிய கம்பெனிகளின் பொறியாளர்கள் பலர் செய்யாததை எட்டடிக் கடையில் உட்கார்ந்து சால்டரிங் அயர்ன் பிடிக்கிற இந்தப் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு

ரிசீவரை அதன் ஆம்ப்ளிஃபயருக்காக வாங்குங்கள். உங்கள் ஸ்பீக்கரைச் சிரமமில்லாமல் இழுக்கிறதா, சூடு அடங்குகிறதா, உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் வசதி உள்ளே இருந்தால் சந்தோஷம். கூட ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து அதற்காகவே மேல் மாடலுக்குப் போக வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்; அது உங்கள் பிள்ளைகள் காலத்திலும் பாடும்.

பழைய ரிசீவர் வீட்டில் இருந்தால், அதன் ஸ்ட்ரீமிங் நின்றுவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்ட்ரீமரை ஆக்ஸிலோ சிடியிலோ மாட்டுங்கள். போனோ என்று எழுதிய இடத்தில் மட்டும் மாட்டாதீர்கள். தட்டு ஊசி கொடுக்கும் சில மில்லிவோல்ட்டைப் பல மடங்கு பெருக்குவதற்கான வழி அது. ஸ்ட்ரீமர் 2 வோல்ட் வரை கொடுக்கும், ஒலி உடைந்து நாராசமாகிவிடும். இரண்டிலும் ஆப்டிகல் ஓட்டை இருந்தால் அதிலும் மாட்டலாம்.

மிராசுதார் வீட்டு ரேடியோகிராம் இன்று எங்கே இருக்கிறதோ. வாத்தியாரின் பிலிப்ஸ் ரேடியோ என் வீட்டில் இருக்கிறது. அவருடைய மகன் என்னிடம் கொடுத்தார். பின்னால் அந்த பிக்அப் ஓட்டைகளில் போன வாரம் ஒரு ஸ்ட்ரீமரை மாட்டிப் பார்த்தேன். வால்வு சூடேற அரை நிமிஷம் ஆனது. பிறகு பாடியது.

கடைக்குப் போனால் விற்பனையாளர் முகப்பைத்தான் காட்டுவார். பெட்டியைத் திருப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.